கம்பார் முகட்டில் பதுங்குகுழிகள்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் காரோட்டிப் போகிறவர்கள் கம்பாரைப் பார்ப்பதே இல்லை. சாலைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மலை நிற்கிறது. பெயர் குனோங் பூஜாங் மலாக்கா. உயரம் 1,200 மீட்டருக்கு மேல். நெடுஞ்சாலை அதன் கிழக்குப் பக்கமாகப் போய்விடும். கம்பார் மேற்குப் பக்கத்தில், மலையின் காலடியில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் தாப்பாவிலோ கோப்பேங்கிலோ இறங்கிப் பழைய சாலையைப் பிடிக்க வேண்டும். ரயிலில் வருவது இன்னும் சுலபம். கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். ரயில் ஏறினால் கம்பார் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

கம்பார் என்றதும் பலருக்கு நினைவு வருவது சாப்பாடு. பெரிய ரொட்டிக்குள் கோழிக் கறியை வைத்துச் சுட்டு, மேசையில் வைத்து வெட்டித் தரும் கடைகள் இங்கே பிரபலம். கோழி பிஸ்கட் வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. யுடார் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்த பிறகு மாணவர் கூட்டமும் சேர்ந்துவிட்டது. அதற்கு முன்பு இது ஈயத்தின் ஊர். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈய லம்பங்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. தோண்டி முடித்த பள்ளங்களில் தண்ணீர் நின்று, இன்று ஏரி போலக் கிடக்கின்றன. அந்த வரலாற்றைச் சொல்ல ஊரில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

இந்தக் கட்டுரை சாப்பாட்டைப் பற்றியதல்ல, ஈயத்தைப் பற்றியதும் அல்ல. ஊருக்குச் சற்று வடக்கே, பழைய சாலையை ஒட்டி, மலையிலிருந்து விரல்களைப் போல் சில மேட்டுத் தொடர்கள் இறங்குகின்றன. போர்க்கால வரைபடங்களில் அவற்றுக்கு ஆங்கிலப் பெயர்கள் உண்டு: தாம்சன் ரிட்ஜ், கிரீன் ரிட்ஜ், செமிட்ரி ரிட்ஜ். 1941 டிசம்பர் 30ஆம் தேதி முதல் 1942 ஜனவரி 2ஆம் தேதி வரை இந்த மேடுகளில் ஒரு சண்டை நடந்தது. மலாயாப் போரில் ஜப்பானியப் படை பல நாள் தடுத்து நிறுத்தப்பட்ட மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

கடந்த பள்ளி விடுமுறையில் அக்கா குடும்பத்தோடு ஈப்போ போகும் வழியில் இங்கே இறங்கினோம். அக்கா மகன் சிங்கப்பூரில் தேசிய சேவையை முடித்துவிட்டு வந்தவன். காலாட்படையில் ஏழு பேர் கொண்ட செக்‌ஷனுக்குத் தலைவனாக இருந்தான். வரலாற்றுப் புத்தகம் படிக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. ஆனால் கிரீன் ரிட்ஜில் ஏறி நின்ற அடுத்த நிமிடம், நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் பார்த்தே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, உச்சியில நிக்காதீங்க. வானத்துக்கு எதிரா கறுப்பாத் தெரிவீங்க. ரெண்டடி கீழ வாங்க."

படைவீரனுக்கு முதல் வாரங்களிலேயே சொல்லித்தருவது இதுதான்: ஒரு பொருள் ஏன் கண்ணில் படுகிறது? அதன் வடிவம், நிழல், பளபளப்பு, வான்விளிம்பில் தெரியும் உருவக்கோடு, ஒரே அளவான இடைவெளி, அசைவு. இவற்றில் அசைவுதான் எல்லாவற்றையும் விட வேகமாகக் காட்டிக்கொடுக்கும். முகத்தில் மை பூசுவதும், ஹெல்மெட்டில் இலை செருகுவதும், கைக்கடிகாரக் கண்ணாடியை மறைப்பதும் இந்தப் பட்டியலிலிருந்து பிறந்தவை. காலையில் செருகிய இலை மதியம் வாடிவிடும். வாடினால் மாற்ற வேண்டும். செக்‌ஷன் தலைவனின் பாதி வேலை இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களைக் கவனிப்பதுதான் என்றான்.

மேட்டில் இன்றும் பதுங்குகுழிகளின் தடம் தெரிகிறது. எண்பது ஆண்டு மழையில் கரை சரிந்து, இலைச் சருகு நிரம்பி, முழங்கால் ஆழப் பள்ளங்களாக இருக்கின்றன. விவரம் தெரியாதவர் மழைநீர் அரித்த குழி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். அவன் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குந்தி உட்கார்ந்து, கையை நீட்டி இடமிருந்து வலமாக ஒரு வளைவு காட்டினான். "இந்தக் குழியில இருந்தவனுக்கு இதுதான் எல்லை. இங்கேருந்து அதுவரைக்கும். அதுக்கு அந்தப் பக்கம் அடுத்த குழியோட பொறுப்பு."

காலாட்படைத் தற்காப்பின் அடிப்படை இந்த வளைவுதான். ஒரு குழி தன் முன்னால் மட்டும் சுடுவதில்லை. பக்கத்துக் குழியின் முன்புறத்தையும் சேர்த்துக் காக்கிறது. பக்கத்துக் குழியும் அப்படியே. இரண்டு பேரின் வளைவும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். எங்கேயாவது ஒரு பள்ளம், ஒரு ஓடை, யார் கண்ணுக்கும் படாமல் இருந்தால் எதிரி அந்த வழியாகத்தான் வருவான். அந்த இடத்துக்கு மோர்ட்டாரையோ பீரங்கியையோ ஒதுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு குழியிலும் முன்னால் தெரியும் மரம், பாறை, சாலை வளைவு எத்தனை மீட்டர் தூரம் என்று சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்வார்கள். இருட்டில் சத்தம் கேட்டால் தூரத்தை யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இனி அந்த மேட்டிலிருந்து மேற்கே பாருங்கள். இன்று வீடுகளும் கடைகளும் மரங்களும் மறைக்கின்றன. 1941இல் சாலைக்கு அப்பால் பெரும்பகுதி ஈய லம்பங்களின் திறந்த வெளி: மணல், தண்ணீர்க் குட்டை, லாலான் புல். மறைந்து வர இடமில்லை. கிழக்கே செங்குத்தான காட்டு மலை. நடுவில் ஈப்போவிலிருந்து தெற்கே வரும் பெரிய சாலையும் ரயில் பாதையும். மலாயாவின் மேற்குக் கரையில் அதுவரை பின்வாங்கிக்கொண்டே வந்த பிரிட்டிஷ்-இந்தியப் படைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. ஜித்ராவிலிருந்து வந்த வழியெல்லாம் காடும் ரப்பர் தோட்டமும். பத்து அடிக்கு அப்பால் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. கம்பாரில்தான் பீரங்கிக்குக் கண் தெரிந்தது. மேட்டிலிருந்த நோக்கர்கள் தொலைபேசியில் இலக்கைச் சொல்ல, பின்னால் நின்ற 25 பவுண்டர் பீரங்கிகள் சுட்டன.

"ஜித்ராவில ஏன் தோத்தாங்க?" என்று அக்காவின் சின்ன மகள் கேட்டாள்.

ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று எல்லோரும் ஒப்புக்கொள்வது: நேரம். ஜித்ராவில் 1941 டிசம்பர் 11, 12 தேதிகளில் சண்டை வந்தபோது தற்காப்பு வேலை முடிந்திருக்கவில்லை. அதற்கு முன்பு அந்தப் படை சயாமுக்குள் முன்னேறுவதா, இல்லை உட்கார்ந்து தற்காப்பதா என்ற முடிவுக்காகக் காத்திருந்தது. மழையில் குழிகளில் தண்ணீர் நின்றது. கம்பாரில் தோண்டவும், முள்கம்பி இழுக்கவும், தொலைபேசிக் கம்பி போடவும் சில நாள் கிடைத்தது.

இதற்கு இன்றைய ராணுவப் பயிற்சியிலும் ஒரு கணக்கு உண்டு. மேலிடம் கொடுத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தலைவன் தன் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மீதி இரண்டு பங்கைக் கீழே இருப்பவர்களுக்கு விட வேண்டும். அவர்களும் திட்டமிட வேண்டும், தோண்ட வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். ஆறு மணி நேரம் கிடைத்து, அதில் ஐந்து மணி நேரத்தைத் தலைவனே வரைபடத்தின் மேல் செலவழித்தால், திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அலுவலகத்தில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இது நன்றாகப் புரியும். மாலை ஆறு மணிக்கு வேலையைக் கொடுத்து மறுநாள் காலை கேட்கும் மேலாளரை யாருக்குத்தான் தெரியாது?

சின்னப் படைப்பிரிவு திட்டம் போடும் முறையும் சிக்கலானதல்ல. எதிரி எங்கே, எத்தனை பேர்? நம் வேலை என்ன, அதை எதற்காகச் செய்கிறோம்? நிலம் எப்படி இருக்கிறது? நம்மிடம் யார், என்ன இருக்கிறது? எவ்வளவு நேரம்? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் தேடிய பிறகு, தலைவன் தரையில் மண்ணைக் குவித்து மேடு, கல்லை வைத்து வீடு, கயிற்றைப் போட்டு ஆறு என்று ஒரு மாதிரி செய்வான். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். "எதற்காக" என்ற கேள்விதான் முக்கியம் என்றான் அக்கா மகன். தலைவன் விழுந்துவிட்டாலும், திட்டம் கெட்டுவிட்டாலும், எதற்காக வந்தோம் என்று தெரிந்தவன் மீதியைச் செய்து முடிப்பான்.

கம்பாரில் இது சோதிக்கப்பட்டது. சாலையை ஒட்டிய மேடுகளைக் காத்தவர்களுக்கு "பிரிட்டிஷ் பட்டாளம்" என்று பெயர். லெஸ்டர்ஷியர், ஈஸ்ட் சர்ரே என்ற இரண்டு ரெஜிமென்டுகள் வடக்கே அடி வாங்கிப் பாதியாகக் குறைந்திருந்தன. ஈப்போவில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். இருவேறு பழக்கங்கள், இருவேறு பெருமைகள், பாதி முகங்கள் புதியவை. கூடவே இந்தியப் படைப்பிரிவுகள். அவற்றிலும் பஞ்சாப் ரெஜிமென்டும் ஜாட் ரெஜிமென்டும் இழப்பினால் ஒன்றாக்கப்பட்டிருந்தன. மலையின் கிழக்குப் பக்கம் சாஹும் வழியாகச் சுற்றி வரும் சாலையை கூர்க்கா படை காத்தது. மலையைச் சுற்றிக்கொண்டு எதிரி பின்னால் வந்துவிடக் கூடாதல்லவா?

ஜப்பானியர் முதலில் அந்தக் கிழக்குப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்கள். கூர்க்காக்களும் பீரங்கிகளும் விடவில்லை. புத்தாண்டு நாள் காலை, 1942 ஜனவரி 1, சாலைப் பக்க மேடுகளில் பெரிய தாக்குதல் தொடங்கியது. நாள் முழுக்கச் சண்டை. மறுநாள் தாம்சன் ரிட்ஜில் சில குழிகளை ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு குழி போனால் அதன் வளைவு போகும். அடுத்த குழியின் பக்கவாட்டுக் காவலும் போகும். அதனால்தான் இழந்த குழியை உடனே மீட்க வேண்டும் என்பது விதி. மீட்கப் போனவர்கள் முதலில் தோற்றுத் திரும்பினார்கள்.

கடைசியாகப் பஞ்சாப் ரெஜிமென்டின் சீக்கிய வீரர்கள் கேப்டன் ஜான் கிரஹாம் என்ற இளம் அதிகாரியின் தலைமையில் துப்பாக்கிமுனைக் கத்தியோடு மேடேறி ஓடினார்கள். குழிகளை மீட்டார்கள். ஏறியவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பவில்லை. கிரஹாமுக்கு இரண்டு கால்களிலும் படுகாயம். அவர் பிழைக்கவில்லை.

மேட்டைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் அன்று இரவே எல்லோரையும் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது.

காரணம் மேட்டில் இல்லை, கடலில் இருந்தது. பினாங்கை விட்டுப் போனபோது சிறு படகுகளும் மோட்டார் படகுகளும் துறைமுகத்திலேயே விட்டுவைக்கப்பட்டன. ஜப்பானியர் அவற்றையும் பயன்படுத்திக்கொண்டு கரையோரமாகத் தெற்கே வந்து, ஊத்தான் மெலிந்தாங், தெலுக் ஆன்சன் பகுதியில் இறங்கினார்கள். தெலுக் ஆன்சன் என்பது இன்றைய தெலுக் இந்தான்தான். சாய்ந்த கோபுரம் பார்க்கப் போவோமே, அந்த ஊர். அங்கிருந்து கிழக்கே வந்தால் கம்பாரின் பின்பக்கச் சாலையை அடைத்துவிடலாம். முன்னால் எதிரியை நிறுத்தி வைத்தவர்கள் பின்னால் சிக்கிக்கொள்வார்கள். எனவே ஜனவரி 2 இரவு, பிடித்த மேட்டை விட்டு இறங்கினார்கள்.

இதைக் கேட்டதும் அக்கா மகன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எதிரிகிட்டேருந்து இருட்டுல சத்தமில்லாம விலகுறதுதான் மாமா ரொம்பக் கஷ்டம்" என்றான். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போக முடியாது. சிலர் இருந்துகொண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுட்டு, குழியில் ஆள் இருப்பதாகக் காட்ட வேண்டும். காயம்பட்டவர்களைத் தூக்க வேண்டும். எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும். பகலில் உயிரைக் கொடுத்துப் பிடித்த குழியை இரவில் விட்டுப் போகச் சொல்லும்போது, முகத்தில் எதையும் காட்டாமல் அந்த உத்தரவைச் சொல்ல வேண்டியவன் செக்‌ஷன் தலைவன். அந்த வேலையை இருபது வயதில் செய்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

கீழே நின்றவர்கள் தங்கள் பாடத்தைச் சரியாகச் செய்தார்கள். அவர்கள் குழி, அவர்கள் வளைவு, அவர்கள் மேடு. பக்கவாட்டுக் கடலைக் காக்கக் கப்பலும் விமானமும் தருவது அவர்கள் கையில் இல்லை. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 7 அதிகாலையில், தெற்கே சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியாகவே புகுந்தன. கம்பாரில் தாக்குப்பிடித்த படையின் ஒரு பகுதியும் அங்கே தூக்கமின்றி, களைத்து நின்றது. சில மணி நேரத்தில் சிதறியது. ஜனவரி 11இல் கோலாலம்பூர், பிப்ரவரி 15இல் சிங்கப்பூர்.

இந்தச் சண்டையில் நம்மவர்கள் எங்கே என்று கேட்கலாம். முகட்டில் நின்ற இந்திய வீரர்கள் பெரும்பாலும் வடஇந்தியர்கள். தமிழர்கள் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். போர்முனை அவர்களைத் தாண்டித் தெற்கே போனது. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அரிசிப் பஞ்சமும், தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனதும் நம் பாட்டிகள் சொல்லிக் கேட்டவைதான். மேட்டிலிருந்து இறங்கிய படை எதை விட்டுப் போனது என்று கேட்டால், பதிலில் அந்தத் தோட்டங்களின் லயன்களும் சேரும்.

கம்பார் சண்டையின் கதை இவ்வளவு விவரமாக நமக்குக் கிடைக்க ஓர் ஆசிரியர் முக்கியக் காரணம். சை கூய் லூங் என்ற உள்ளூர் ஆசிரியர் பிரிட்டிஷ் பட்டாளத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். உயிரோடிருந்த பழைய வீரர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டார். இந்த மேடு காக்கப்பட வேண்டும் என்று பல ஆண்டுகள் பேசிவந்தார். ராணுவம் எழுதாததை ஒரு பள்ளி ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கிந்தா பகுதியில் மழை வரலாம். முழுக்கால் சட்டையும் காலணியும் அவசியம். கொசு மருந்தும் தண்ணீரும் மறக்க வேண்டாம். தண்ணீரை எதிர்பார்த்ததைவிட ஒரு மடங்கு கூடக் கொண்டுபோங்கள். அக்கா மகன் சொன்ன ஒரே கட்டளை அதுதான். குழிகளின் விளிம்பில் நிற்காதீர்கள், மண் சரியும். தரையில் உலோகத் துண்டு எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பழைய போர்க்களங்களில் வெடிக்காத குண்டுகள் இருக்கக்கூடும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போனால் தேதிகளைச் சொல்லி அலுப்பூட்ட வேண்டாம். ஒரு பள்ளத்தின் பக்கத்தில் குந்த வைத்து மூன்றே கேள்வி கேளுங்கள். இங்கிருந்து உனக்கு எது தெரிகிறது? எது தெரியவில்லை? உனக்குத் தெரியாததை யார் பார்த்துக்கொள்வார்கள்? பத்து வயதுப் பெண் மூன்றாவது கேள்விக்கு உடனே, "பக்கத்துக் குழியில இருக்கிறவங்க" என்றாள். அவள் அண்ணன் தலையாட்டினான்.

நேரம் இருந்தால் அங்கிருந்து வடக்கே தைப்பிங் வரை போய்வாருங்கள். புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலையின் இரு பக்கமும் போர்க்கல்லறை அமைந்திருக்கிறது. மலாயாவில் விழுந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லில் பெயர் இல்லை. அடையாளம் தெரியாத வீரர் என்று மட்டும் எழுதியிருக்கும். சாலையின் ஒரு பக்கத்தில் கிறிஸ்தவர்கள், மறுபக்கத்தில் இந்து, முஸ்லிம், சீக்கிய வீரர்கள். புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். நாங்கள் போன அன்று இரண்டு பக்கமும் நடந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

திரும்பும் வழியில் கம்பாரில் ரொட்டியும் கோழிக் கறியும் சாப்பிடலாம். வார இறுதியில் கூட்டம் அதிகம். முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.